தட்டிப் பார்த்த சுவரும் படித்துப் பார்த்த பத்திரமும்

எங்கள் பெரியப்பா ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசப் போகிறார் என்றால் முதலில் மழைக்காகக் காத்திருப்பார். மாயவரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்து, இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கொத்தனாரோடு கிளம்புவார். கோடையில் எல்லா வீடும் நல்ல வீடுதான், ஒழுகல் எங்கே என்று மழைதான் காட்டும் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடப் பையனான நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன்.

1978-ல் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, முற்றம் வைத்த கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ஒரே கோட்டில் போகும். முன்கட்டு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் சிறு சட்டங்கள் பரப்பி, அதன்மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம். பின்கட்டு நாட்டு ஓடு. சொந்தக்காரர் சொன்ன விலை 24,000 ரூபாய்.

கொத்தனார் உடனே உள்ளே போகவில்லை. தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் இந்தச் சுவரை நனைக்கிறதா என்று வெளியே நின்றே பார்த்தார். அப்புறம் தூக்குக்குண்டை எடுத்து முன்சுவரில் பிடித்தார். உள்ளே போனதும் உள்ளங்கையைச் சுவரில் அழுத்திக்கொண்டே நடந்தார். ஈரம் இடுப்பளவோடு நின்றால் அது தரையிலிருந்து ஏறும் ஈரம். மேலிருந்து கோடு கோடாக இறங்கியிருந்தால் கூரை ஒழுகல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

கூடத்து ஜன்னல் மூலையிலிருந்து, செங்கல் இணைப்புகள் வழியே படிபடியாக ஒரு விரிசல் சாய்வாக ஏறியிருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி விரிசலுக்குள் அடித்தார். உள்ளே ஒட்டடையும், எப்போதோ அடித்த வெள்ளையும் படிந்திருந்தன. "இது பழசுங்க ஐயா. அஸ்திவாரம் உட்கார்ந்து அடங்கிப்போச்சு. புதுசா விட்டிருந்தா உள்ளே செங்கல் செக்கச்செவேல்னு தெரியும்" என்றார். அப்படியும் மனது சமாதானமாகாமல், ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே சாந்து வைத்து ஒட்டினார். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது முழுசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சே தொடங்கியது.

மரம் பார்ப்பது பெரியப்பாவின் வேலை. உத்திரம் நடுவில் கெடுவது அபூர்வம். சுவருக்குள் நுழையும் முனையில்தான் கெடும். ஈரம் ஊறுவதும் அங்கே, காற்றுப் படாததும் அங்கே. ஏணியில் ஏறி ஒவ்வொரு முனையையும் சாவிக்கொத்தால் தட்டுவார். கணீரென்று கேட்டால் கீழே நிற்கும் எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். ஓர் உத்திரம் மட்டும் தொப்பென்றது. ஆணியை வைத்து அழுத்தினார். இரண்டு விரற்கடை உள்ளே போயிற்று. பின்கட்டில் ஓடு தாங்கிய பனங்கைகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது, மேல்தோல் மட்டும் நின்றது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. வைரம் ஏறாத வெள்ளைப் பாகமும் இளம்பனையும் கிடைத்தால் விடாது.

வீட்டுக்கு வந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். மனைக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, செங்கல் சுண்ணாம்புக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு. அதில் பழுதுக்கு ஒரு கழிவு: உத்திரம் ஒன்று, பனங்கைகள், ஓடு பிரித்து மேய்ச்சல், கொல்லைப்பக்கச் சுவரில் புதுப்பூச்சு. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மனைக்குப் பெரிய மதிப்பு இல்லை. விலையில் முக்கால் பங்கு கட்டடம்தான். கட்டடத்தில் குறை என்றால் விலையில் குறை, அவ்வளவு நேரடியாக இருந்தது கணக்கு. கடைசியில் 19,250 ரூபாய்க்கு முடிந்தது. கடைசி 250 ரூபாய்க்காக, பனங்கைகளை முன்னிட்டு, ஒரு மாலை முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள்.

பத்திரத்தைப் பார்த்ததோ அரைமணி நேரம். சொந்தக்காரர் டிரங்குப் பெட்டியிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து நீட்டினார். பெரியப்பா வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தெரிந்த குடும்பம், நாலு தலைமுறையாக அதே தெருவில் இருப்பவர்கள். சுவரைச் சந்தேகப்படலாம், மனிதரைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று அன்றைக்கு நினைத்தார்கள். சொந்தக்காரரோடு பிறந்தவர்கள் இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை. வீடு இவர் பங்குக்கு வந்தது என்பது வாய்மொழிப் பாகப்பிரிவினை. எழுத்தில் எதுவும் இல்லை. உள்ளூரில் இருந்த தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பம்பாயில் இருந்த அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. தங்கையைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட யாருக்கும் வரவில்லை. 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே தகப்பனார் பங்கில் மகளுக்கும் உரிமை வந்துவிட்டது. ஊர் வழக்கத்தில் அது வந்து சேரவில்லை. முத்திரைச் செலவைக் குறைப்பதற்காகப் பத்திரத்தில் விலையை 12,000 என்று எழுதினார்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

சில வருஷம் கழித்துப் பம்பாய் அண்ணன் திரும்பி வந்து முன்சீப் கோர்ட்டில் பாகம் கேட்டு வழக்குப் போட்டார். தங்கையும் சேர்ந்துகொண்டார். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்களுடைய வீட்டை அவர்களைக் கேட்காமல் விற்றிருக்கிறார்கள். பெரியப்பா கொடுத்தது 19,250 என்று ஊருக்கே தெரியும். கோர்ட்டுக்கு முன்னால் இருந்த எழுத்து 12,000 என்றது. நெடுநாள் இழுத்து, ராஜியில் 11,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து முடித்தார்கள். வக்கீல் செலவு தனி. பனங்கைக்காக 250 ரூபாயை விட்டுக்கொடுக்காமல் பேசிய மனிதர், வாங்க மறந்த இரண்டு கையெழுத்துக்காக அதைப் போல நாற்பத்துநாலு மடங்கு கொடுத்தார்.

ஆனால் வீட்டைப் பற்றி அவர்கள் போட்ட கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. மாற்றிய உத்திரமும் மாற்றாத உத்திரங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. விரிசல் ஒரு நூல்கூட விரியவில்லை.

*

மாயூரம் என்றும் மாயவரம் என்றும் சொன்ன ஊர் 1982-ல் மயிலாடுதுறை ஆனது. 2020 டிசம்பர் 28-ல் தமிழ்நாட்டின் 38-வது மாவட்டத்துக்குத் தலைநகரும் ஆனது. ஆட்சியர் அலுவலகம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே மனை விலை ஏறத் தொடங்கியது. நாங்கள் குழிக்கணக்கில் பேசிப் பழகியவர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு குழி என்றால் 144 சதுர அடி. இப்போது எல்லாம் சதுர அடி விலை. விலையின் முக்கால் பங்கு கட்டடத்திலிருந்து மண்ணுக்கு மாறிவிட்டது. அதோடு, வீட்டைப் பார்க்கும் கண்ணும் மண்ணுக்குப் போய்விட்டது.

என் தங்கை மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊரில் ஒரு பழைய வீடு வாங்கிப் பழுது பார்த்து அம்மாவைக் குடிவைக்க வேண்டும், பிற்காலத்தில் தானும் வந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டை அவளே கண்டுபிடித்தாள்: 20 அடி அகலம், 140 அடி நீளம், 2,800 சதுர அடி மனை. கட்டடம் 1,600 சதுர அடி, எண்பது வருஷத்துக்கு மேல் பழசு. சொன்ன விலை 65 லட்சம். "மாமா, நீங்களும் கூட வாங்க" என்று கூப்பிட்டாள்.

பத்திர விஷயத்தில் அவள் செய்த வேலையைப் பார்த்து எனக்கு மனது நிறைந்தது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்தாள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, பத்திரத்தில் உள்ள நாலெல்லையோடு ஒப்பிட்டாள். விற்பவர் வீட்டு வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து இருக்கிறதா என்று பென்சிலால் குறித்தாள். திருமணமாகித் திருச்சியில் இருக்கும் மகளின் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருந்ததா என்று தனியாகப் பார்த்தாள். 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதும் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்த சட்டத் திருத்தங்கள் அவளுக்குப் பாடம்.

இன்னொன்றையும் அவளே கேட்டாள்: மனை யாருடையது? எங்கள் பகுதியில் இது பெரிய கேள்வி. கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான அடிமனையில், கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தமான வீடுகள் இங்கே நிறைய. வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் வாங்குபவருக்குக் கிடைப்பது சுவரும் கூரையும்தான். மண்ணுக்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். பக்கத்து வீட்டு விலையை இதற்கு ஒப்பிடவே கூடாது. இந்த வீடு தனிப்பட்டா மனை என்று உறுதியான பிறகுதான் அவள் மேலே பேசினாள். பெரியப்பா அரைமணி நேரத்தில் கடந்துபோன இடத்தில் இந்தப் பெண் ஒரு மாதம் நின்றாள்.

வீட்டைப் பார்த்ததோ இருபது நிமிஷம். சித்திரை வெயில். உள்ளே புது பெயிண்ட் வாசனை. லேசர் கருவியை வைத்து ஒவ்வொரு அறையும் எத்தனை அடி என்று கச்சிதமாகக் குறித்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பார்த்தாள். சுவரைத் தொடவில்லை. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரும் வந்து படம் எடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு போனார். அவர் அறிக்கை இரண்டே வரி: மனை 2,800 சதுர அடி, சதுர அடிக்கு 1,800 வீதம் 50 லட்சத்து 40 ஆயிரம், கட்டடம், ஆயுள் முடிந்ததால், மதிப்பு இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய அட்டவணையில் கட்டடத்துக்கு ஓர் ஆயுட்காலம் உண்டு. வருஷா வருஷம் தேய்மானம் கழிந்துகொண்டே வந்து ஒரு நாள் தீர்ந்துவிடும். கான்கிரீட் கட்டடத்துக்கு அது ஓரளவு பொருந்தும். காரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, தளத்தைப் பிளந்து, ஒரு கட்டத்தில் ஆயுளை முடித்துவைக்கும். சுண்ணாம்பிலும் தேக்கிலும் கட்டியதில் கம்பியே கிடையாது. கெட்ட உத்திரத்தை எடுத்துவிட்டு இன்னொன்று வைக்கலாம், கெட்ட பூச்சைச் செதுக்கிவிட்டு மறுபடி பூசலாம். பராமரித்தவரைக்கும் அது நிற்கும். அதன் வயது அதன் குறை இல்லை.

அதே வாரம் புரோக்கர் ஒரு கட்டட இடிப்பு கான்டிராக்டரைக் கூட்டிவந்தார். அவர் மட்டும்தான் அந்த வீட்டை உண்மையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அண்ணாந்து உத்திரங்களை எண்ணினார், கதவு நிலையை விரலால் அளந்தார், தூணைக் கட்டி அணைத்துச் சுற்றளவு பார்த்தார். "இடிச்சு, மண்ணெல்லாம் அள்ளி, இடத்தைச் சுத்தமாக் கொடுத்துடறேன். உங்களுக்கு 6 லட்சம் கையில தர்றேன்" என்றார். நிற்கும்போது ஒன்றுமில்லாத கட்டடத்துக்கு, விழுந்தால் 6 லட்சம். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். மரத்துக்கு விலை போடத் தெரிந்த சந்தை இருக்கிறது. அந்த மரம் தாங்கிநிற்கும் வீட்டுக்கு விலை போடத் தெரிந்த சந்தை இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவளிடம் நான் இரண்டு விஷயம் கேட்டேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நல்ல மழை பெய்யட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார் ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கட்டும். அவள் ஒத்துக்கொண்டாள். கோடை மழை ஒன்று நன்றாக அடித்த மறுநாள், கும்பகோணத்திலிருந்து, கோயில் திருப்பணிகளில் வேலை செய்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தோம்.

புது பெயிண்டின் மேலேயே உப்புப் பூத்திருந்தது. முன்பு இருந்தவர் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசி, அதன்மேல் பளபளப்பான பெயிண்ட் அடித்திருந்தார். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு அதை அடைத்துவிட்டால் சுவருக்குள்ளேயே தங்கி, செங்கலை உப்பாக அரிக்கும். பெரியவர் சிமெண்டை ஒரு சாண் அகலம் செதுக்கிக் காட்டினார். உள்ளே செங்கல் விரலோடு பொடியாக வந்தது. "முழுச் சுவரும் இப்படி இல்லைம்மா. மூணு அடி உயரம் வரைக்கும்தான். சிமெண்டை எடுத்துட்டு, கெட்ட கல்லை மாத்தி, சுண்ணாம்புல பூசினா சரியாயிடும். ஆனா ஆறு மாசம் காயவிடணும், அவசரப்படக் கூடாது" என்றார்.

அடுத்து, தெரு. சின்ன வயதில் நான் பார்த்த அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் திண்ணைக்கு மூன்று நான்கு படி உண்டு. இப்போது ஒரு படி மிச்சம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு ஏறி வீடு பள்ளமாகிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவு போட்டது. அதற்குள் ஏறியது ஏறியதுதான். முற்றத்துத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போன வழி எதிர்வாட்டம் ஆகிவிட்டது. தண்ணீரைக் கொல்லைப்பக்கம் திருப்பி, உறைகிணறு இறக்கி, மண்ணுக்குள் விட வேண்டும். இது எந்த அறிக்கையிலும் இல்லாத செலவு.

பக்கச் சுவர் பொதுச்சுவர். இரண்டு வீட்டு உத்திரங்களும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. இடித்துக் கட்டலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: இந்த வீட்டை இடித்தால் அடுத்த வீட்டுக் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், சுவரில் பாதியை விட்டுவைக்க வேண்டும், வழக்கும் வரலாம். வெறும் மனையாகப் போட்ட 50 லட்சத்திலும் இதற்கு ஒரு கழிவு உண்டு என்பது அன்றைக்குத்தான் புரோக்கருக்கே உறைத்தது.

உத்திரங்களில் இரண்டு முனை போயிருந்தது. மற்றவை கணீரென்றன. பின்கட்டு ஓட்டுக்கூரை முழுசாகப் பிரித்து மேய வேண்டும். மின்சார ஒயரிங் அடியோடு மாற்ற வேண்டும். உள்ளே ஒரு கழிப்பறை, அதற்குத் தொட்டி. பெரியவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கூட்டினால் 15 லட்சம்.

*

அன்றிரவு கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நானும் அவளும் ஒத்துக்கொண்ட முறை இது. இதே அளவில், இதே மாதிரியான, பழுது பார்த்து முடித்த வீடு ஒன்று பக்கத்துத் தெருவில் சமீபத்தில் 78 லட்சத்துக்கு விற்றிருந்தது. நம் வீடும் வேலையெல்லாம் முடிந்தபின் அந்த மதிப்புக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். பழுதுச் செலவு 15 லட்சம். சுவரைச் செதுக்கினால் வெளிவரப்போகும், இப்போது தெரியாத செலவுக்கு அதில் கால் பங்கு, 3 லட்சத்து 75 ஆயிரம். பழைய வீட்டில் இதை ஒதுக்காமல் கை வைக்கவே கூடாது. பட்டா பெயர் மாற்றம், அளவைத் திருத்தம், வக்கீல் வகையில் 1 லட்சம். வேலை முடியும் வரை வேறு வீட்டு வாடகையும் வட்டியும் 1 லட்சத்து 25 ஆயிரம். மிச்சம் 57 லட்சம். இதற்கு மேல் கொடுத்தால் அவளுக்கு நஷ்டம். மனை மட்டும் 50 லட்சத்து 40 ஆயிரம். அதற்குக் கீழே கேட்டால் விற்பவருக்கு அநியாயம். நியாயமான விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

பணம் புரட்டுவது வேறு கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைக்கும்தான் கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி ஒத்துக்கொண்ட மதிப்பு 50 லட்சத்து 40 ஆயிரம். அப்படியானால் கடன் 40 லட்சத்து 32 ஆயிரத்தைத் தாண்டாது. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அது கடனில் சேராது. பழுதுச் செலவு முழுக்கக் கைக்காசு. பழைய வீட்டைக் காப்பாற்ற நினைக்கிறவருக்குக் கை நிறையப் பணம் வேண்டியிருக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவருக்கு அதே வங்கி கட்டுமானக் கடன் தருகிறது. நம் தெருக்கள் ஏன் இப்படி மாறிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கணக்கு மாறினால் தெருவும் மாறும். புதுச்சேரியில் வைசியாள் வீதித் தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீரமைக்கப் பொதுப்பணமும் வீட்டுக்காரர் பணமும் சேர்ந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுச் சின்ன விருது பெற்றவற்றில் அந்த வீதியும் ஒன்று.

மறுநாள் அவள் செய்தது பெரியப்பா காலத்தில் யாரும் செய்யாத காரியம். கணக்குத் தாளை மறைக்கவில்லை. விற்கும் பெரியவர் முன்னால் அப்படியே விரித்து வைத்தாள். "ஐயா, நான் 55-ல இருந்து பேசலாம்னு வந்தேன். எப்படி வந்தேன்னு இதுல இருக்கு. தப்பு இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். சுவர் ஈரம் என்ற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. புது பெயிண்ட் ஏன் அடித்தார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பின்கட்டுக் கூரை என்ற வரியில் விரலை வைத்தார். "இது இல்லைம்மா. கிணத்தடிப் பக்கத்துச் சட்டமெல்லாம் நான் மாத்தினேன். கோங்கு. எங்க அப்பா காலத்துப் பனங்கை இல்லை அது" என்று எழுந்துபோய், உள்ளேயிருந்து மர வாடி ரசீதைக் கொண்டுவந்தார். கொத்தனார் பெரியவரை மறுபடி வரவழைத்தோம். ஓட்டை நீக்கி ஏறிப் பார்த்து, உண்மைதான் என்றார்; மேலே பூசியிருந்த கரிய எண்ணெயால் மரம் பழசு போலத் தெரிந்திருக்கிறது. பழுதுச் செலவில் 1 லட்சம் குறைந்தது, தெரியாத செலவில் 25 ஆயிரம் குறைந்தது. வரம்பு 58 லட்சத்து 25 ஆயிரத்துக்கு ஏறியது.

அவர் 65-லிருந்து 60-க்கு வந்தார். 57 லட்சத்து 50 ஆயிரத்தில் முடிந்தது. முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறியது. 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம், 57,500 ரூபாயை அவர் பெயரில் வருமான வரியாகப் பிடித்துக் கட்டினாள். அவருக்கு மூலதன ஆதாய வரி வரும்; 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்பதால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கச் சொல்லி ஆடிட்டரை அவளே அறிமுகப்படுத்தினாள். இரண்டு பக்கமும் மறைக்க எதுவும் இல்லாத ஒரு விலையை என் வாழ்நாளில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்கு இதில் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா தலைமுறைக்கு வீட்டைப் பார்க்கத் தெரிந்தது, எழுத்தைப் பார்க்கத் தெரியவில்லை. மரத்தின் உள்ளே இருந்த கேட்டைக் கண்டுபிடித்தவர்கள், குடும்பத்துக்குள் ஒரு பெண்ணுக்குப் பங்கு இருப்பதைப் பார்க்கவில்லை. இன்றைய பிள்ளைகள் எழுத்தை அப்பழுக்கில்லாமல் படிக்கிறார்கள், சுவரைத் தொடுவதே இல்லை. பழுது பார்க்க வேண்டிய வீட்டுக்கு நியாய விலை என்பது இரண்டு பழுதையும் சேர்த்துக் கணக்கிடுவது. எழுத்தில் உள்ள பழுது மொத்தத்தையும் விழுங்கக்கூடியது, அதனால் முதலில் பார்க்க வேண்டும். கட்டடத்தில் உள்ள பழுது பெரும்பாலும் தீர்க்கக்கூடியது, அதனால் அளந்து கழிக்க வேண்டும். பயந்து ஓடவும் வேண்டாம், பெயிண்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

பத்திரம் பார்க்கிற வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. கொத்தனாரை மட்டும் "சும்மா ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறோம். சும்மா வருகிறவர், வேலை தனக்குக் கிடைக்கட்டும் என்று நமக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் கூலியும், போக்குவரத்துச் செலவும், அதற்கு மேல் அவர் அனுபவத்துக்கு உரிய ஒரு தொகையும் கொடுத்து, வேலை உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுக்காமல், எழுத்தில் வாங்க வேண்டும். கும்பகோணத்துப் பெரியவருக்கு அப்படிக் கொடுத்தோம். அவர் சொன்ன பட்டியலில் கையெழுத்தும் வாங்கினோம். சுண்ணாம்பு தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. கோயில் திருப்பணிகளில்தான் அவர்களுக்கு வேலை. வீடுகளுக்கும் அவர்களைக் கூப்பிட வேண்டிய காலம் இது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.